போளூருக்கு போன் போடக் கூடாது

போன வாரம் பஸ் ஸ்டாண்டு கடைக்காரர்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டு மலர் போடப் போகிறார்களாம். "டெலிபோன் பூத்துல அத்தினி வருஷம் இருந்தீங்களே, இனிமையான அனுபவம் ஏதாவது ஒண்ணு எழுதிக் குடுங்கம்மா. நம்ம பழைய தலைவரைப் பத்தியும் நாலு வரி வர்ற மாதிரி" என்றார்கள். பழைய தலைவர் என்றால் ஏகாம்பரம் முதலாளி. எனக்கு வேலை கொடுத்தவர். காலமாகி சில வருஷம் ஆகிறது. அவர் படம்தான் மலருக்கு அட்டையாம்.

இனிமையாம். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அடுத்தவர் கத்துவதைக் கேட்டு ஒரு பக்கக் காது மந்தமானதுதான் எனக்கு மிச்சம். என்னிடம் வந்து இனிமை கேட்கிறார்கள். சரி, தலைவரைப் பற்றித்தானே வேண்டும், எழுதுகிறேன். போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும்.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. இரண்டாயிரத்து மூன்றில் எங்கள் பூத்து ஜெராக்ஸ் கடையும் கம்ப்யூட்டர் கடையுமாக மாறியிருந்தது. செல்போன் வந்துவிட்டதால் போன் பேச வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அப்போது ஈராக்கில் இரண்டாவது தடவை சண்டை ஆரம்பித்தது. கடையில் வேலை செய்த பெண்கள் டிவியைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்கள். "அமெரிக்காவாவது பெரிய நாடு, போறான். இந்த இங்கிலாந்துக்காரன் இன்னாத்துக்குக்கா கூடவே ஓடறான்?" டீக்கடைக்காரர் உடனே, "எல்லாம் எண்ணெய்க்கோசரம்" என்றார். இன்னொருத்தர், "ஈராக்குல இருக்கிறவனே ஒரு கிறுக்கன், அதான்" என்றார். அத்தோடு எல்லோரும் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

இந்த இரண்டு பதிலையும் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. எண்ணெய் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிறுக்கன் ஒருத்தன் தனியாகச் சண்டைக்குப் போனால் தெருமுனையோடு திரும்பி வந்துவிடுவான். கூடப் போக ஆள் இருக்கிறது, அதனால்தான் சண்டை நடக்கிறது. அந்த ஆட்கள் யாரும் கிறுக்கு இல்லை. நன்றாக யோசித்து, கணக்குப் போட்டுப் போகிறவர்கள். இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும் என்று கேட்கிறீர்களா? ஆரணி பஸ் ஸ்டாண்டில் பார்த்ததுதான்.

நான் போளூர்க்காரி. கல்யாணமாகி ஆரணிக்கு வந்தேன். வீட்டுக்காரர் பட்டுத் தறியில் இருந்தார். நான் பத்தாவது முடித்து டைப்ரைட்டிங் படித்திருந்தேன். எண்பதுகளின் கடைசியில் ஏகாம்பரம் முதலாளி பஸ் ஸ்டாண்டில் எஸ்டிடி பூத்து வைத்தபோது, குரல் தெளிவாக இருக்கிற பெண் வேண்டும் என்று தேடினார். வேலூரில் அவருக்குத் தெரிந்தவர் கடையில் ஒரு வாரம் உட்காரவைத்தார்கள். நம்பரைச் சுற்று, மீட்டரைப் பார், பில்லைக் கிழி. படிப்பு அவ்வளவுதான். மற்றதையெல்லாம் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன்.

காலையில் பட்டு வியாபாரிகள் வருவார்கள். பெங்களூருக்குப் போன் போட்டு நூல் விலை கேட்பார்கள், சூரத்துக்குப் போட்டு ஜரிகை எப்போது வரும் என்று சண்டை போடுவார்கள். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவார்கள், இருந்தாலும் ரகசியம் எல்லாம் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும். மத்தியானத்துக்கு மேல்தான் வெளிநாட்டுப் போன் வரும். இங்கிருந்து குவைத்துக்கும் துபாய்க்கும் போன் போட எங்கள் பக்கத்து ஜனங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் அங்கே இருக்கிற ஆம்பளைகள்தான் போடுவார்கள். போளூருக்கு வெளிநாட்டு லைன் கிடைக்காது, அதனால் அந்தப் பக்கத்து ஊர்களுக்கும் ஆரணி பூத்துதான். போட்டவுடன் பேச முடியாது. பெண்டாட்டி எங்கோ கலசப்பாக்கம் பக்கத்தில் நடவு நட்டுக்கொண்டிருப்பாள். அவளை வரவழைக்க வேண்டும்.

அதற்கு நாங்களே ஒரு வழி வைத்திருந்தோம். குவைத்திலிருந்து ஒருத்தர் கூப்பிட்டால், வணக்கம் கிணக்கம் எல்லாம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவைத்திருந்தேன். யார், எந்த ஊர், யாரைக் கூப்பிட வேண்டும், என்றைக்குப் பேசுவார். இதை மட்டும் முதல் மூச்சில் சொல்லிவிட வேண்டும். லைன் எப்போது அறுந்துபோகும் என்று யாருக்கும் தெரியாது. நான் அதைத் திருப்பிச் சொல்வேன். பிறகு போளூர் பூத்துக்குப் போன் போட்டு சுப்பிரமணி அண்ணனிடம் சொல்வேன். அவரும் திருப்பிச் சொல்வார். அவர் அந்தப் பக்கம் போகிற பஸ் கண்டக்டரிடம் சொல்வார். கண்டக்டரும் திருப்பிச் சொன்னால்தான் விடுவார். கண்டக்டர் ஊரில் வண்டி நிற்கிறபோது டீக்கடையைப் பார்த்துக் குரல் கொடுப்பார். வெறும் "மல்லிகா" என்றால் ஊருக்கு நாலு மல்லிகா இருப்பார்கள். "கோவிந்தன் மருமவ மல்லிகா, ஞாயித்துக்கெழம ஆரணி பூத்து" என்று சொல்ல வேண்டும். இதில் எவனாவது ஒருத்தன் வாயைத் திறக்காவிட்டால் சேதி அங்கேயே நின்றுவிடும்.

அந்த மல்லிகாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கலசப்பாக்கத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். சொந்த நிலம் கிடையாது, கூலி வேலை. புருஷன் ராஜேந்திரன் குவைத்தில் கொத்தனார். மாசத்துக்கு ஒரு தடவை போன் வரும். வருகிற அன்றைக்குப் பளிச்சென்று சேலை கட்டிக்கொண்டு, கண்ணாடிக் கதவில் முகத்தைப் பார்த்துத் தலையை வாரிக்கொண்டு உள்ளே போவாள். "போன்ல மூஞ்சி தெரியாதுடி" என்று நான் கிண்டல் பண்ணினால், "குரல்ல தெரிஞ்சிடும்க்கா" என்பாள்.

முதலாளி கதைக்கு வருகிறேன். நல்ல மனுஷன் இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வண்டி கொடுத்தவர் அவர்தான். குரலை உயர்த்திப் பேசமாட்டார். ஃபேனுக்கு நேராக நாற்காலியைப் போட்டு, சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருப்பார். ஒரு பழக்கம் மட்டும் உண்டு. "எனக்கு" என்று சொல்லவே மாட்டார். "ஆரணிக்கு" என்பார். அவருக்குக் கோபம் வந்தால், "இத ஆரணி பொறுத்துக்காது வசந்தாம்மா" என்பார். அவருக்கு யாராவது வணக்கம் வைக்கவில்லை என்றால் ஆரணியை அவமதித்ததாக அர்த்தம். நாங்கள் ஆரம்பத்தில் மறைவில் சிரித்துக்கொண்டிருந்தோம். "ஆரணி சாப்பிட்டாச்சா?" என்று டீக்கடைக்காரர் கேட்பார். கொஞ்ச நாளில் சிரிப்பு போய்விட்டது. எல்லோருமே அப்படிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைக்காரர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். எப்போது தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டால் ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது.

முதல் சண்டை செய்யாறிலிருந்து வந்து பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடியில் பூத்து வைத்த ஒருத்தரோடு. அந்த ஆள் பாவம், பிழைக்க வந்தவர். முதலாளி அவரை விரட்டியே தீருவது என்று நின்றார். அப்போது கூட நின்றவர்கள் யார் தெரியுமா? பஸ் முதலாளி கருணாகரன் ஒருத்தர். போளூர் சுப்பிரமணி அண்ணன் இன்னொருத்தர். சண்டை நடுவில் எங்கள் பில் அடிக்கிற மெஷின் ரிப்பேராகிவிட்டது. சுப்பிரமணி அண்ணன் தன்னிடம் கூடுதலாக இருந்த மெஷினைக் கொடுத்தனுப்பினார். "செய்யாறுக்காரன் நாளைக்குப் போளூருக்கும் வருவான், ஆரணியிலேயே அடிச்சி அனுப்பிட்டா நல்லது" என்று அவர் என்னிடமே சொன்னார். செய்யாறுக்காரர் கடையைக் கட்டிக்கொண்டு போனார். எல்லோரும் முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

அதுதான் வினை. அன்றைக்கு முதுகில் தட்டினதில் அவருக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. சண்டை என்று கிளம்பினால் ஆள் சேருகிறது. சண்டை இல்லாதபோதுதான் கேள்வி வருகிறது.

கேள்வி தொண்ணூறாம் வருஷம் ஆடி மாசத்தில் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாக்கடை அடைத்துக்கொண்டு, மழை வந்தால் பத்துக் கடைக்குள் தண்ணீர் புகுந்துவிடும். சங்கத்தில் அதைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் போடுங்கள், அப்படியே தலைவர் தேர்தலையும் வைத்துவிடலாம் என்று கடைக்காரர்கள் சேர்ந்து வந்து கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். முதலாளி சாவிக்கொத்தைச் சுற்றிக்கொண்டே, "பாக்கலாம்" என்றார். முகம் சரியில்லை.

அதே வாரம் சுப்பிரமணி அண்ணன் போன் பண்ணி, அந்த பில் மெஷினைத் திருப்பி அனுப்புங்கள், எங்களுடையது பழுதாகிவிட்டது என்று கேட்டார். நான்தான் பேசினேன். சாதாரணமாகத்தான் கேட்டார். முதலாளியிடம் சொன்னேன். சாவிக்கொத்து நின்றுவிட்டது.

"ஆரணிகிட்ட மெஷின் கேக்கறானா?"

"அவுருதுதானேங்க அது" என்றேன்.

"அது இல்ல வசந்தாம்மா விஷயம். கேட்ட விதம் இருக்குது பாரு."

எந்த விதம்? போனில் கேட்டவள் நான். விதமெல்லாம் ஒன்றும் இல்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பரவிவிட்டது. போளூர்க்காரன் ஆரணியைத் திருடன் என்று சொல்லிவிட்டானாம். கலசப்பாக்கம் பக்கத்து ஜனங்களை ஆரணி பூத்துக்கு வரவிடாமல் தடுக்கிறானாம். போளூரில் இருந்துகொண்டு ஆரணி கெட்டுப்போக வேண்டும் என்று வேலை செய்கிறானாம். மறுநாள் கடைக்காரர்கள் கூட்டம் கூடியது. சாக்கடையைப் பற்றி இல்லை, போளூரைப் பற்றி. ஒருத்தர் எழுந்து, "அதுவும் பேசலாம், சாக்கடையும்..." என்று இழுத்தார். "இந்த நேரத்துல சாக்கடையப் பத்திப் பேசறவன் போளூர் ஆளு" என்று ஒரு குரல் வந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். தேர்தல் என்ற பேச்சையே அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

முதலாளி எனக்குக் கொடுத்த உத்தரவு ஒரே வரி. "போளூருக்கு போன் போடக் கூடாது."

கூட நின்றவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். கருணாகரன் முதலாளிக்கு போளூரோடு எந்தப் பகையும் இல்லை. அவருடைய பஸ் தினமும் போளூர் போய்த்தான் கலசப்பாக்கம் போகிறது. அவருக்கு பஸ் ஸ்டாண்டில் முன்பக்கம் வண்டி நிறுத்த இடம் வேண்டும். அதில் சங்கத் தலைவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. அதனால் அவர், "என் கண்டக்டருங்க போளூர் பூத்து சேதி ஒண்ணும் எடுத்துகினு போவமாட்டாங்க" என்று அறிவித்தார். ஒரு பட்டு வியாபாரிக்கு முதலாளியின் மச்சான் வீட்டில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொருத்தர், எல்லோரும் நிற்கிறபோது நாம் மட்டும் நிற்காவிட்டால் அடுத்தது நம்மைப் பிடிப்பார்கள் என்று பயந்து நின்றார். முதலாளி மேல் பாசத்தில் நின்றவர் என்று ஒருத்தரைக் காட்டுங்கள் பார்க்கலாம். தனியாகப் பிடித்துக் கேட்டால், "ரொம்ப ஓவராத்தான் பண்றாரு" என்பார்கள். நாலு பேர் இருந்தால், "ஆரணி விட்டுக் குடுக்காது" என்பார்கள்.

நான் போளூர்க்காரி என்பதால் எனக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். "குவைத்து." ஏனென்றால் அதே ஆடியில்தான் ஈராக்காரன் குவைத்துக்குள் நுழைந்தான். டீக்கடைக்காரர், "குவைத்துக்கு ஒரு டீ" என்று கத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள்.

முதலாளி தினமும் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். "எட்டு வருஷம் பக்கத்து ஈரானோட சண்ட போட்டான். அப்போ இதே குவைத்துக்காரன் இவனுக்கு ஒதவி பண்ணியிருக்கான். பெரிய பெரிய நாடெல்லாம் ஆயுதம் குடுத்திருக்குது. இப்போ ஒதவி பண்ணவன் வீட்டுக்குள்ளயே பூந்துட்டான். இன்னா அக்கிரமம் பாத்தியா? உள்ளூர்ல துட்டு இல்ல, ஜனங்க கேள்வி கேக்கறாங்க, ஒடனே அடுத்தவன் மேல பாய்றான். இவனக் கேக்க ஆளே இல்லியா?" என்பார்.

சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டுவார்கள். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் வேலை போயிருக்கும். சுப்பிரமணி அண்ணனின் பில் மெஷின் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதன்மேல்தான் பேப்பரை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். இப்படியும் ஒரு மனுஷனுக்குத் தெரியாமல் இருக்குமா என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவருக்குத் தெரியவில்லை.

நாமும் ஒன்றும் யோக்கியம் இல்லை. அடுத்த வருஷம் ஆரம்பத்தில் அங்கே குண்டு போடப் போன அமெரிக்க விமானங்களுக்கு நம் நாட்டில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொள்ள விட்டார்கள் என்று பேப்பரில் வந்தது. நாடே கஷ்டத்தில் இருந்தது, பெரியவன் தயவு வேண்டியிருந்தது. சண்டைக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று வெளியில் சொல்லிக்கொண்டே உள்ளே எண்ணெய் ஊற்றினார்கள். கருணாகரன் முதலாளிக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டியிருந்த மாதிரிதான் அதுவும்.

எங்கள் சண்டை எப்படி முடிந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். கருணாகரனுக்கு முன்பக்கம் இடம் கிடைத்தது. கிடைத்த மறுவாரம் அவர் கண்டக்டர்கள் போளூர் சேதியை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். கூட ஆள் இல்லை என்றதும் முதலாளிக்கும் சுவாரசியம் போய்விட்டது. ஒரு நாள் தானாகவே, "போளூருக்குப் போட்டுக்கோ" என்றார். அவ்வளவுதான். பில் மெஷினை யாரும் திருப்பித் தரவில்லை, சாக்கடையையும் எடுக்கவில்லை. ஆனால் இதெல்லாம் பிறகு. நடுவில்தான் அந்தப் போன் வந்தது.

குவைத்துக்குள் படை நுழைந்ததும் அங்கிருந்து ஒரு போனும் வரவில்லை. எங்கள் பக்கத்து ஆம்பளைகள் எல்லாம் பாலைவனத்தில் ஜோர்டான் பக்கம் போய், அங்கே கூடாரத்தில் கிடந்து, விமானத்தில் பம்பாய்க்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். மல்லிகா ஆரம்பத்தில் அடிக்கடி வருவாள். "ஏதாவது வந்துச்சாக்கா?" என்பாள். "வரலம்மா" என்பேன். பிறகு அவள் வருவதே நின்றுவிட்டது. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாது. போளூரிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். போளூரிடம்தான் பேசக் கூடாதே.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பம்பாயிலிருந்து போன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"ராஜேந்திரன், கலசப்பாக்கம் பக்கம். கோவிந்தன் மருமவ மல்லிகாவைக் கூப்புடணும். ஞாயித்துக்கெழம பேசறேன்." நான் சொல்லிக்கொடுத்தபடியே முதல் மூச்சில் சொன்னான். பிறகுதான், "அக்கா, மஞ்சக்காமாலக்கா. ஆஸ்பத்திரில கெடக்கறேன். உயிரோட இருக்கேன்னு ஜல்தியா சொல்லிடுங்கக்கா" என்றான்.

நான் திருப்பிச் சொன்னேன். லைன் அறுந்துவிட்டது. நேராக ரிசீவரை எடுத்து போளூர் நம்பரைச் சுற்ற ஆரம்பித்தேன். முதலாளி, "யாருக்கு?" என்றார்.

"போளூருக்குங்க. கலசப்பாக்கத்துப் பொண்ணோட புருஷன் உயிரோட இருக்கானாம். சேதி சொல்லணும்."

"நல்ல சேதி" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "ஆனா போளூருக்குப் போடாத."

"முதலாளி, இது மெஷின் சமாச்சாரம் இல்லீங்க. ஒரு பொண்ணு வாழ்க்கை."

"எனக்குத் தெரியாதா? எல்லாம் ஒழுங்கா இருந்தா நானே போட்டுக் குடுப்பேன். இப்போ நாம மொதல்ல போன எடுத்தா இன்னா அர்த்தம்? ஆரணி எறங்கி வந்துடுச்சின்னு அர்த்தம். அவன் எடுக்கட்டும். அவன் எடுத்தா ஒடனே சொல்லிடு."

"அவருக்கு இப்படி ஒரு சேதி இருக்குதுன்னே தெரியாதே, எப்படிங்க எடுப்பாரு?"

"அது அவன் பாடு."

பெரிய மனுஷன் பேசுகிற பேச்சா இது? வெளியே வந்து, கிளம்ப நின்ற கலசப்பாக்கம் பஸ்ஸுக்கு ஓடினேன். கண்டக்டர் மல்லிகாவை நன்றாகத் தெரிந்தவர். "போளூர் பூத்து சேதி இல்லப்பா, நானே சொல்றேன், நேரா ஊர்ல சொல்லிடு" என்றேன். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "மொதலாளி ரெண்டு பேரும் பாத்துகினு இருக்காங்கக்கா. வேல போயிடும்" என்றார். எதிரில் இருந்த பட்டுக் கடைக்காரரிடம் அவர் போனிலிருந்து போளூருக்கு ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்று கேட்டேன். "எனக்கு எதுக்கும்மா வம்பு" என்றார். அவருக்கும் அவளுக்கும் என்ன வம்பு? இப்படித்தான் ஒவ்வொருத்தரும் ஒரு சின்ன சால்ஜாப்பை எடுத்து வைத்தார்கள். பெரிய பாவம் ஒருத்தரும் பண்ணவில்லை.

அன்றைக்குப் பூத்தை விட்டுக் கிளம்ப முடியவில்லை. மறுநாள் காலையில் லீவு கூடச் சொல்லாமல் முதல் பஸ்ஸில் நானே கிளம்பினேன். நல்ல சேதி கொண்டுபோகிறோம் என்று வழியெல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

ஊருக்குள் நுழையும்போது ஏரிப் பக்கத்திலிருந்து பெண்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். ஈரத் துணி. நடுவில் ஒருத்தியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தலையோடு துணியைப் போர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் வந்த பிறகுதான் அது மல்லிகா என்று தெரிந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை. வளையலும் இல்லை.

தெள்ளார் பக்கத்திலிருந்து குவைத்துக்குப் போயிருந்த ஒருத்தன் முன்னாடியே வந்து சேர்ந்துவிட்டான். ராஜேந்திரனைக் கூடாரத்தில் நினைவில்லாமல் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவன். "இனிமே தேறமாட்டான்" என்று அவன் சொன்னது ஊருக்கு வந்து சேர்வதற்குள் "செத்துட்டான்" என்று ஆகிவிட்டது. மாமனார் ஒரு மாசம் பார்த்திருக்கிறார். பிறகு பெரியவர்களைக் கூட்டிக் கருமாதிக்கு நாள் குறித்துவிட்டார். மல்லிகா மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். "ஆரணி பூத்துல கேட்டுட்டு வர்றேன், அப்புறம் இன்னா வேணா பண்ணுங்க" என்று அழுதிருக்கிறாள். வீட்டை விட்டு வெளியே விடவில்லை. அன்றைக்கு விடிகாலையில் தாலியை எடுத்துவிட்டார்கள்.

நான் நடுத்தெருவில் நின்று, "உயிரோட இருக்கான், பம்பாய்ல இருக்கான், நேத்து என்கிட்ட பேசினான்" என்று கத்தினேன். யாரும் நகரவில்லை. மல்லிகாவும் நகரவில்லை. மாமனார் கோவிந்தன் தடுமாறிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார்.

"நேத்தா போன் வந்துச்சி?"

"ஆமாங்க."

"நேத்து சாயங்காலம் ஒரு வார்த்த வந்திருந்தா நிறுத்தியிருப்பனேம்மா. எப்பவும் பஸ்ல வந்துடுமே. ஏம்மா வரல?"

பில் மெஷினால் வரவில்லை என்று சொல்வதா? ஆரணியின் மானத்தால் வரவில்லை என்று சொல்வதா? "வழியில நின்னுபோச்சுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து மகன் பெயரைச் சொல்லி அழுதார். சந்தோஷத்தில் அழுகிறாரா துக்கத்தில் அழுகிறாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மல்லிகா பூத்துக்கு வந்தாள். தனியாகத்தான் வந்தாள். முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்து மூடியிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முதலாளி எழுந்து தன் நாற்காலியையே அவளுக்குப் போட்டார். சோடா வாங்கிவரச் சொன்னார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. "பாவம் இந்தப் பொண்ணு. எல்லாம் அந்த ஈராக்காரன் பண்ண அக்கிரமம். எங்கியோ ஒருத்தன் திமிரெடுத்து சண்ட போட்டான், இங்க ஒரு ஏழப் பொண்ணு கழுத்துல விழுந்துது" என்றார். சுற்றி நின்ற எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கருணாகரன் முதலாளியும் நின்றிருந்தார். அவரும் ஆமாம் என்றார்.

எனக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் மணி அடித்தது.

உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று அவள் கண்ணாடிக் கதவைச் சாத்தவில்லை. எல்லாம் கேட்டது. "நான் நல்லா இருக்கேன்" என்றாள். "அப்பா நல்லா இருக்காரு. எல்லாரும் நல்லா இருக்கோம். இல்ல, இங்க ஒண்ணும் நடக்கல. நீ மருந்து ஒழுங்கா சாப்புடு." அவன் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "குரலா? ஜலதோஷம் புடிச்சிருக்குது, அதான்" என்றாள். ரிசீவரை வைத்துவிட்டு முந்தானையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள்.

வெளியே வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, இங்க மஞ்சக்கயிறு எந்தக் கடையில கெடைக்கும்? அடுத்த வாரம் வந்துடுவாராம். எங்க ஊர்ல நானே கட்டிக்கக் கூடாதுன்றாங்க, அவரு வந்து கோயில்ல வெச்சிக் கட்டணுமாம். அவுரு என்னை இப்படிப் பாக்க வேணாம். நானே கட்டிகினு நிக்கறேன்."

முதலாளி காதில் விழுந்துவிட்டது. "நம்ம சங்கத்துக் கடையிலயே இருக்குதும்மா. கோடியில பூஜை சாமான் கடை. என் பேரச் சொல்லு, நல்லதாப் பாத்துக் குடுப்பான்" என்றார்.

மல்லிகா அவரைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. அவர் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன். "அவரக் கும்புடாத மல்லிகா. வியாழக்கெழமையே போன் வந்துச்சி. போளூருக்குச் சொல்லக் கூடாதுன்னு தடுத்ததே இவருதான்."

முதலாளி சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மல்லிகா என்னைப் பார்த்தாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும்க்கா" என்றாள். "வரும்போதே கண்டக்டர் அண்ணன் அழுதுகினே சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுமா கும்புட்ட?"

"அடுத்த வருஷம் அவுரு திரும்பி எங்கனா வெளிநாடு போனா, போனு இங்கதானக்கா வரணும்" என்று சொல்லிவிட்டு, கயிறு வாங்கக் கடைக்கோடியைப் பார்த்து நடந்தாள்.